ஐறீனைத் தேடி வந்தவர்கள்

கதவைத் தட்டிய பெண் முதலில் மூச்சு வாங்கினாள். பிறகு, "ஐறீன் அக்கா வீடு இதுதானோ?" என்று கேட்டாள்.

கொன்ஸ்ரன்ஸ் அப்போதுதான் காலைப் பூசை முடிந்து வந்திருந்தாள். கொட்டாஞ்சேனையில் அந்த மாடிக் கட்டடத்தின் கீழ்வீடு அவளுடையது. அவளுடைய வாசலோரம் இருந்த படிக்கட்டில் ஏறினால் இரண்டாம் மாடியில் ஐறீன் இருந்தாள். ஐறீனைத் தேடி வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கொன்ஸ்ரன்ஸின் கதவைத்தான் தட்டுவார்கள். "மேல" என்று விரலைக் காட்டி விரலைக் காட்டி அவளுக்கு அலுத்துப் போயிருந்தது.

வந்தவளின் நெற்றியில் திருநீறு கலைந்திருந்தது. கையில் ஒரு சொப்பிங் பையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"நான் வெள்ளவத்தையிலயிருந்து வாறன். அங்க லொட்ஜில இருக்கிறம். விடியக்காலமை சுத்தி வளைச்சு ஆக்களைப் பிடிச்சவங்கள். என்ர மகனையும் கொண்டு போயிட்டாங்கள். ஐறீன் அக்காட்டப் போனா எடுத்துத் தருவா எண்டு பக்கத்து அறை ஆக்கள் சொன்னவை."

எடுத்துத் தருவா. கடையில் சாமான் எடுத்துத் தருவதுபோல. கொன்ஸ்ரன்ஸுக்கு நெஞ்சுக்குள் ஏதோ கசந்தது. மேலே ஐறீனின் தையல் மெசின் ஓடுகிற சத்தம் படிக்கட்டால் இறங்கி வந்துகொண்டிருந்தது. வந்தவளுக்கு அது என்ன சத்தம், யாருடைய சத்தம் என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

"ஐறீன் இல்லை. வெளியில போயிட்டா" என்றாள் கொன்ஸ்ரன்ஸ். "உள்ளுக்கு வாங்கோ. இந்த வேலையைத் தொடங்கினதே நான்தான்."

அந்தப் பெண்ணின் பெயர் நேசமலர். மானிப்பாய்க்காரி. மகன் சிவபாலனுக்கு இருபது வயது. பிரான்சில் இருக்கிற தாய்மாமனிடம் அவனை அனுப்பிவிடலாம் என்று கொழும்புக்குக் கொண்டு வந்து, விசாவுக்காகக் காத்திருந்த நேரத்தில்தான் இது நடந்தது. பைக்குள் அவனுடைய மாற்றுச் சட்டை ஒன்றும், மூச்சுக்கு இழுக்கிற பம்மும் இருந்தன.

"அவனுக்குத் தொய்வு இருக்கு அக்கா. இது இல்லாட்டி மூச்சு விட ஏலாது. கொண்டு போகேக்க எடுத்துக் குடுக்க விடேல்ல."

"அழாதேங்கோ. இப்பவே போவம்" என்றாள் கொன்ஸ்ரன்ஸ். குடையை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டும்போது மேலே மெசின் நின்றது. ஐறீன் இறங்கி வந்துவிடுவாளோ என்று பயந்து, நேசமலரின் கையைப் பிடித்து வீதிக்கு நடத்திக்கொண்டு போனாள்.

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. கொழும்பில் தமிழ்ப் பொடியன் ஒருவன் வீதியில் இறங்கினால் வீட்டுக்குத் திரும்பி வரும்வரை தாய்க்கு உயிரில்லை என்கிற காலம்.

கொன்ஸ்ரன்ஸின் தகப்பன் பாசையூரிலிருந்து வந்து துறைமுகத்தில் வேலை செய்தவர். அவள் பிறந்ததும் படித்ததும் கொட்டாஞ்சேனையில். கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் ரைப்பிஸ்ராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவன் பேர்னாட் இளவயதிலேயே இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. அவளிடம் இருந்ததெல்லாம் நல்ல சிங்களமும் அதைவிட நல்ல இங்கிலீசும், யாருக்கும் தலை குனியாத ஒரு குரலும்.

கோவில் பாட்டுக்குழுவில் பாடின ஒருவனைப் பொலிஸ் பிடித்தபோது, பங்குக் குருவானவர் பாதர் வின்சன்ற் கேட்டுக்கொண்டதால் முதல்முதலாக ஒரு பொலிஸ் நிலையத்துக்குள் போனாள். இங்கிலீசில் சட்டம் பேசினாள், சிங்களத்தில் நியாயம் பேசினாள். மறுநாள் பாட்டுக்காரன் வெளியே வந்தான். அதற்குப் பிறகு கொச்சிக்கடையிலிருந்து மட்டக்குளி வரை, பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் "கொன்ஸ்ரன்ஸ் மிஸ்" என்று தேடி வரத் தொடங்கினார்கள். சிலரை வெளியே கொண்டு வந்தாள். பலரைக் கொண்டு வர முடியவில்லை. ஆனால் போகாமல் இருந்ததில்லை.

"தனியப் போகாதேங்கோ. ஆரும் ஒராளைக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று பாதர்தான் சொன்னார். கொன்ஸ்ரன்ஸ் ஐறீனைத் தெரிவு செய்தாள். ஐறீன் மன்னாரில் பேசாலைக்காரி. சண்டைக்குள் அகப்பட்டு மடு மாதா கோவிலுக்கு ஓடி, அங்கிருந்து கொழும்புக்கு வந்து, சட்டை தைத்துச் சீவித்தவள். சிங்களம் உடைந்த சிங்களம். அதிகம் கதைக்க மாட்டாள். உண்மையைச் சொன்னால், தன்னைவிட உயர்ந்துவிட மாட்டாள் என்று நம்பித்தான் கொன்ஸ்ரன்ஸ் அவளைப் பிடித்தாள். குடையையும் தண்ணீர்ப் போத்தலையும் தூக்கிக்கொண்டு பின்னால் வர ஒரு ஆள்.

மலையகத்திலிருந்து வந்து ஒரு வீட்டில் வேலை செய்த பெண் ஒருத்தியைப் பிடித்து வைத்திருந்தார்கள். அங்கம்மா என்று பெயர். அவளுக்காகக் கொன்ஸ்ரன்ஸ் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தது. ஒவ்வொரு மேசையாக வாதாடினாள். இனிக் கையெழுத்து ஒன்றுதான் மிச்சம் என்கிற நேரத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அன்று ஐறீன் தனியே போனாள். பின்னேரம் அங்கம்மாவோடு திரும்பி வந்தாள்.

"நான் ஒண்டும் செய்யேல்ல அக்கா" என்றாள் ஐறீன். "போனன். விட்டாங்கள்."

அது உண்மைதான். அதுதான் கொன்ஸ்ரன்ஸுக்குப் பொறுக்கவில்லை. ஐறீன் பெருமை பேசியிருந்தால் அவளை வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

அங்கம்மா போகிற இடமெல்லாம் ஐறீனின் பெயரைச் சொன்னாள். கதை பரவியது. அதற்குப் பிறகு ஐறீன் போன இடங்களில் ஆட்களை விட்டார்கள். எல்லா இடத்திலும் இல்லை, ஆனால் கொன்ஸ்ரன்ஸ் போனதைவிடக் கூட. ஏன் என்று கொன்ஸ்ரன்ஸ் மண்டையைப் போட்டு உடைத்தாள். ஐறீனின் சிங்களத்தைக் கேட்டு மனமிரங்குகிறார்களோ? முகம் சாதுவாக இருப்பதாலோ? தான் உழுது விட்ட நிலத்தில் அவள் அறுக்கிறாளோ? சில இடங்களில் அது உண்மையாகவும் இருந்தது. ஆனால் அதை யாரிடம் சொல்லி நிறுவுவது?

பொறாமை அவளுக்குக் காது வழியாகத்தான் வந்தது. படிக்கட்டில் ஏறுகிற காலடிகளைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அழுதுகொண்டு ஏறுகிறவர்கள், சில கிழமைகளுக்குப் பிறகு சிரித்துக்கொண்டு ஏறுவார்கள். மேலே கதவு திறக்கும், பேச்சுச் சத்தம் கேட்கும், கோப்பை வைக்கிற சத்தம் கேட்கும். யாரோ கொண்டு வந்து கொடுத்த கேக்கில் பாதியை ஐறீன் மறக்காமல் கீழே அனுப்புவாள். கொன்ஸ்ரன்ஸ் அதைச் சாப்பிடுவாள், சீனி கூடிப்போச்சு என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். ஒரு பொலிஸ் நிலையத்தில் வாசலில் நின்ற சார்ஜன்ற் அவளைப் பார்த்ததும், "அர நோனா கோ?" என்று கேட்டான். அந்த அம்மா எங்கே என்று. அன்று வீட்டுக்கு வரும்வரை அந்த மூன்று சொல்லும் அவளோடு பஸ்ஸில் வந்தன.

கோவில் திருவிழாவில் பாதர் வின்சன்ற் பொது மன்றாட்டின்போது, "சிறைப்பட்டவர்களைச் சந்திக்கிற ஐறீனுக்காகவும் அவரோடு உழைப்பவர்களுக்காகவும்" என்றார். சபை, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. கொன்ஸ்ரன்ஸ் வாயைத் திறக்கவில்லை. அவரோடு உழைப்பவர்கள். அவளுடைய பெயர் அந்த 'உழைப்பவர்கள்' என்ற சொல்லுக்குள் எங்கேயோ கிடந்தது.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போது கோபத்தைச் சொல்வாள், செபத்தில் பராக்கைச் சொல்வாள், பக்கத்து வீட்டாரோடு தண்ணீருக்குச் சண்டை பிடித்ததைச் சொல்வாள். இதை மட்டும் சொன்னதில்லை. தான் செய்வது நல்ல வேலை. நல்ல வேலைக்குள் பாவம் எப்படி வரும் என்று நினைத்திருந்தாள்.

சிவபாலனை வைத்திருந்த பொலிஸ் நிலையத்துக்கு அன்றே போனார்கள். பொறுப்பதிகாரியான பெரியவர் இல்லை, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். பம்மை வாங்கி உள்ளே கொடுப்பதாக ஒருவன் சொன்னான். மறுநாளும் பெரியவர் இல்லை. அதற்கடுத்த நாள் இருந்தார், ஆனால் மேலிடத்து உத்தரவு வரவேண்டும் என்றார். கொன்ஸ்ரன்ஸ் தன் நல்ல சிங்களத்தில் கேட்க வேண்டியதெல்லாம் கேட்டாள். அவர் மரியாதையாகப் பதில் சொன்னார். பதிலில் ஒன்றுமில்லை.

வாசலில் அதே சார்ஜன்ற் மாற்றலாகி வந்து நின்றான். அவளை அடையாளம் கண்டு, மற்ற நோனா வரவில்லையா என்று கேட்டான். எங்கள் பெரியவருக்கு அவரைத் தெரியும், முன்பு இருந்த இடத்தில் பழக்கம், அவரைக் கூட்டி வந்தால் நல்லது என்றும் சொன்னான். எல்லாம் சிங்களத்தில். நேசமலருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்னவாம் அக்கா?"

"பொறுக்கட்டாம்" என்றாள் கொன்ஸ்ரன்ஸ்.

இரண்டாவது பொய் முதலாவதைவிடச் சுலபமாக வந்தது.

பஸ் தரிப்பில் நிற்கும்போது நேசமலர் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அக்கா, குறை நினையாதேங்கோ. அந்த ஐறீன் அக்காவையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு வருவமோ?"

"ஏன், என்னில நம்பிக்கை இல்லையோ?"

"ஐயோ, அப்பிடியில்லை."

"அவவுக்கு இப்ப சுகமில்லை. அவவின்ர சிங்களத்தை வச்சுக்கொண்டு இந்த இடத்தில ஒண்டும் செய்யவும் ஏலாது."

அந்த நாட்களில் கொன்ஸ்ரன்ஸ் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய் முழங்காலில் நின்று மன்றாடினாள். மெழுகுதிரி கொளுத்தினாள். "ஆண்டவரே, இந்தப் பொடியனை எனக்குத் தாரும்" என்று கேட்டாள். எனக்கு என்ற சொல்லை அவள் கவனிக்கவில்லை. இந்த ஒருவனை மட்டும் தான் கொண்டு வந்துவிட்டால் வெள்ளவத்தை லொட்ஜ்களில் தன் பெயர் திரும்பி வரும் என்று மெழுகுதிரி உருகுவதைப் பார்த்தபடி நினைத்தாள்.

அடுத்த கிழமை அவர்கள் போனபோது சிவபாலன் அங்கே இல்லை. முதல்நாள் வேறு சிலரோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே என்று சொல்ல ஆளில்லை. ஒருவன் ஒரு சிறையின் பெயரைச் சொன்னான், இன்னொருவன் வேறு ஒன்றைச் சொன்னான். பம்மை மேசை லாச்சிக்குள்ளிருந்து எடுத்துத் திருப்பித் தந்தார்கள். அது அவனுக்குப் போய்ச் சேரவேயில்லை.

நேசமலர் அந்தப் பம்மைக் கையில் வாங்கிப் பார்த்தாள். கத்தவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டாள். அவளை எழுப்பி லொட்ஜுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கொன்ஸ்ரன்ஸ் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பினாள்.

நேரே இரண்டாம் மாடிக்கு ஏறினாள். ஐறீன் ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்கு விளிம்பு அடித்துக்கொண்டிருந்தாள். கொன்ஸ்ரன்ஸ் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னாள். வந்த தாய் யாரைக் கேட்டு வந்தாள் என்பதையும், தான் என்ன சொன்னாள் என்பதையும், பொடியனுக்குத் தொய்வு இருப்பதையும், சார்ஜன்ற் சொன்னதையும், அதை மறைத்ததையும்.

ஐறீன் மெசினிலிருந்து காலை எடுத்தாள். கொன்ஸ்ரன்ஸ் எதிர்பார்த்தது ஒரு மென்மையான வார்த்தை. ஐறீன் அப்படிப்பட்டவள் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் ஐறீனின் முகம் சிவந்தது.

"நான் மேல இருந்தனான், அக்கா. இந்தக் கதிரையிலதான் இருந்தனான்."

"ஓம்."

"தொய்வுக்காரப் பொடியன் எண்டு தெரிஞ்சும்?"

"ஓம்."

"ஏன் அக்கா? நான் உங்களுக்கு என்ன செய்தனான்?"

"எரிச்சல்" என்றாள் கொன்ஸ்ரன்ஸ். "உன்னில எரிச்சல். கனகாலமா."

ஐறீன் சட்டையை மடித்து வைத்தாள். "இதை இப்ப கதைச்சு வேலையில்லை. வாங்கோ, போவம்" என்றாள். மன்னிக்கிறேன் என்று சொல்லவில்லை. படியிறங்கும்போது கொன்ஸ்ரன்ஸுக்கு முன்னால் இறங்கினாள்.

லொட்ஜுக்குப் போய் நேசமலரையும் கூட்டிக்கொண்டு மூவரும் பொலிஸ் நிலையத்துக்குப் போனார்கள். ஐறீன் உள்ளே போனாள். மற்ற இருவரும் மதிலோரம் நின்றார்கள். பெரியவர் ஐறீனை அடையாளம் கண்டார், இருக்கச் சொன்னார், தேநீரும் கொடுத்தார். ஆனால் பிள்ளை எங்கே என்று தனக்குத் தெரியாது, அது தன் கையை விட்டுப் போன விசயம் என்றார். முந்தாநாள் வந்திருந்தால் ஏதும் பார்த்திருக்கலாம் என்றும் சொன்னார்.

ஐறீன் வெளியே வந்து தலையை ஆட்டினாள். "ஏலாதாம்."

அந்தக் கணத்தில், ஐறீனின் வாடிய முகத்தைக் கண்டதும், கொன்ஸ்ரன்ஸின் மனதுக்குள் ஒரு சின்னச் சந்தோசம் எழும்பியது. அவளாலும் முடியவில்லை. அப்படித்தான் அது சொன்னது. தெளிவாகச் சொன்னது. பக்கத்தில் நேசமலர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

கொன்ஸ்ரன்ஸ் மதிலைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை எங்கே கிடக்கிறான், மூச்சு விடுகிறானா இல்லையா என்று தெரியாது. தாய் பக்கத்தில் நிற்கிறாள். தனக்குச் சந்தோசம் வருகிறது. தன்னை அவள் இவ்வளவு கிட்டத்தில் ஒருநாளும் பார்த்ததில்லை.

அன்று பின்னேரம் கோவிலுக்குப் போய்ப் பாதர் வின்சன்றிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாள். பொய்யைச் சொன்னாள், சந்தோசத்தையும் சொன்னாள். அதைச் சொல்லத்தான் அதிக நேரம் பிடித்தது.

பாதர் பிரசங்கம் வைக்கவில்லை. "நாளைக்கு அந்தத் தாயிட்ட உண்மையைச் சொல்லுங்கோ" என்றார். "பிறகு ஒவ்வொரு நாளும் ஐறீனுக்காகச் செபியுங்கோ. பொதுவா இல்லை. ஐறீன் போற காரியம் நல்லா முடியவேணும், அவவுக்குப் பேர் வந்தாலும் காரியம் நடக்கவேணும் எண்டு கேளுங்கோ."

"அது என்ர வாயில வராது பாதர்."

"வராட்டியும் சொல்லுங்கோ. ஆளை விடுறது நீங்களுமில்லை, ஐறீனும் இல்லை. உங்களைப் போகச் சொன்ன ஆண்டவர் வெல்லச் சொல்லேல்ல."

மறுநாள் காலை வெள்ளவத்தையில், கடலோர ரயில் அதிர்ந்துகொண்டு போக, லொட்ஜின் நடைபாதையில் வைத்து அவள் நேசமலரிடம் சொன்னாள்.

"தங்கச்சி, நீங்கள் முதல்நாள் வரேக்க ஐறீன் வீட்டிலதான் இருந்தவ. நான் பொய் சொன்னனான். அவவுக்குச் சுகமில்லை எண்டதும் பொய்."

நேசமலர் அவளை நிமிர்ந்து பார்த்தாள். அடிப்பாள் என்று கொன்ஸ்ரன்ஸ் நினைத்தாள். அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"எனக்குச் சிங்களம் தெரியாது" என்றாள் நேசமலர். "அதால உங்களோட வரத்தான் வேணும். ஆனா என்னோட கதையாதேங்கோ."

அப்படித்தான் அவர்கள் தேடினார்கள். மூன்று பெண்கள். சிறைவாசல்கள், அலுவலக வாசல்கள், ஆஸ்பத்திரி வாசல்கள். பஸ்ஸில் நேசமலர் ஐறீனுக்குப் பக்கத்தில் இருப்பாள். கொன்ஸ்ரன்ஸ் பின் இருக்கையில். எங்கே போனாலும், என்ன கேட்கவேண்டும் என்று ஐறீன் தமிழில் சொல்வாள், கொன்ஸ்ரன்ஸ் அதைச் சிங்களத்தில் கேட்பாள். பதிலைத் தமிழில் திருப்பிச் சொல்வாள். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. வேறு எதற்கும் அவளை யாரும் கூப்பிடவில்லை. குடையும் தண்ணீர்ப் போத்தலும் இப்போது அவள் கையில் இருந்தன.

ஒவ்வொரு நாளும் காலையில் பாதர் சொன்ன செபத்தைச் சொன்னாள். முதலில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "ஐறீனுக்குக் காரியம் நடக்கவேணும்" என்று சொல்லும்போதே, உள்ளே ஒன்று, நடக்கக்கூடாது என்று சொல்லும். அதையும் சேர்த்து ஆண்டவரிடம் வைத்துவிட்டு எழும்புவாள். கிழமைகள் போகப் போகச் செபம் சுருங்கியது. பொடியனுக்கு மூச்சு இருக்கட்டும், ஆரும் அவனை வெளியில கொண்டு வரட்டும். அவ்வளவுதான். அந்த 'ஆரும்' என்ற சொல்லுக்கு வந்து சேர அவளுக்கு வெகுநாள் பிடித்தது.

சிவபாலனைக் கண்டுபிடித்தது ஐறீனும் இல்லை, கொன்ஸ்ரன்ஸும் இல்லை. கொழும்புக்கு வெளியே ஒரு சிறையின் முன்னால், மற்ற இருவரும் வாசலில் வரிசையில் நிற்க, நேசமலர் களைத்துப்போய் எதிரே இருந்த தேநீர்க்கடைக்குப் போனாள். தமிழ் கேட்கிறதே என்ற ஆறுதலில் உள்ளே போய் உட்கார்ந்தாள். கடைக்காரர் தாஸிம் என்ற முஸ்லிம் மனிதர். தேநீரை வைத்துவிட்டு, யாரைத் தேடி வந்தீர்கள் என்று கேட்டார். நேசமலர் சொன்னாள். தொய்வையும் சொன்னாள்.

தாஸிம் துணியால் மேசையைத் துடைப்பதை நிறுத்தினார். "கார்ட்மாருக்கு நான்தான் டீ குடுக்கப் போற. போன கெழமையும் ஒரு புள்ளைக்கி இளுப்பு வந்து ஆஸ்பத்திரி வாட்டுக்குக் கொண்டு போனதாக் கதைச்சாங்க. யாப்பாணத்துப் புள்ளையாம். பேர் தெரியா. வாசல்ல கேட்டாச் சொல்ல மாட்டாங்க, வாட்டைச் சொல்லிக் கேளுங்க."

வாட்டைச் சொல்லிக் கேட்டார்கள். கொன்ஸ்ரன்ஸ்தான் கேட்டாள். அவன் இருந்தான். மெலிந்து, நெஞ்சுக்கூடு தெரிய, ஆனால் இருந்தான். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று தாய் மகனின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். மற்ற இருவரும் விலகி நின்றார்கள். ஐறீன் அழுதாள். அழுதுகொண்டே, தன்னை அறியாமல் கொன்ஸ்ரன்ஸின் தோளில் சாய்ந்தாள். கொன்ஸ்ரன்ஸ் அசையாமல் நின்றாள்.

விடுதலை உடனே வரவில்லை. சிறைக்குப் போய்வருகிற குருவானவர் ஒருவரிடம் சொன்னார்கள். அவர் ஒரு வழக்கறிஞரிடம் சொன்னார். வழக்குத் தள்ளித் தள்ளிப் போனது. மழைக்காலம் முடிகிற நேரத்தில், நீதவான் ஒரு பகல் ஏழெட்டுப் பேரை ஒன்றாக விடுதலை செய்தார். அதில் சிவபாலனும் ஒருவன். யார் சொன்னதால் நடந்தது, எந்தக் கடுதாசி எந்த மேசைக்குப் போனதால் நடந்தது என்று வழக்கறிஞருக்கே தெரியவில்லை. லொட்ஜுக்குப் பக்கத்தில் இருந்த கொமியூனிக்கேசன் என்கிற போன் கடைக்கு அழைப்பு வந்தது. நேசமலர் செருப்பில்லாமல் ஓடினாள்.

நாலைந்து நாளுக்குப் பிறகு தாயும் மகனும் கொட்டாஞ்சேனைக்கு வந்தார்கள். அம்மன் கோவிலில் நேர்த்தி முடித்துவிட்டு, ஒரு தட்டில் மோதகமும் பழமும் கொண்டு வந்தார்கள். கொன்ஸ்ரன்ஸ் வாசலில் நின்றாள். நேசமலர் தலையசைத்துவிட்டு மேலே ஏறினாள். சிவபாலன் பின்னால் ஏறினான். யார் இவர் என்று தாயிடம் கேட்டான். "எங்களுக்குச் சிங்களம் கதைச்ச அக்கா" என்று நேசமலர் சொன்னது கீழே கேட்டது.

குத்தியது. பொய் சொல்லக்கூடாது, நன்றாகவே குத்தியது. ஆனால் கொன்ஸ்ரன்ஸ் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. அது உண்மைதானே, சிங்களம் கதைத்தது நான்தானே என்று நினைத்தாள். நினைத்ததும் அவளுக்கே சிரிப்பு வந்தது. வெகுகாலத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. மேலே ஐறீன், "அது அந்தத் தேத்தண்ணிக் கடைக்காரரைச் சொல்லவேணும். நாங்கள் என்ன செய்தனாங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த முறை அந்த வார்த்தைகள் கொன்ஸ்ரன்ஸுக்கு நடிப்பாகக் கேட்கவில்லை. ஐறீன் என்றைக்கும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள் என்று பட்டது.

இறங்கி வரும்போது நேசமலர் அவளுடைய வாசலில் நின்றாள். பையன் முன்னால் போய்விட்டான்.

"எனக்கு இன்னும் மனம் ஆறேல்ல, அக்கா" என்றாள்.

"ஓம். எப்பிடி ஆறும்."

"ஆனா நீங்கள் வந்து சொன்னனீங்கள். சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது." சொல்லிவிட்டு மகனுக்குப் பின்னால் போய்விட்டாள். சிவபாலன் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்ததாகப் பிறகு ஐறீன் வழியாகத்தான் கேள்விப்பட்டாள்.

கொன்ஸ்ரன்ஸும் ஐறீனும் அதற்குப் பிறகும் சேர்ந்தே போனார்கள். சமாதான ஒப்பந்தம் வந்து பாதைகள் திறக்கும்வரை போனார்கள். சில பேரை விட்டார்கள். சில பேரை விடவில்லை. சிலரைப் பற்றி ஒரு செய்தியும் கிடைக்கவேயில்லை. பொறாமை ஒரேயடியாகச் செத்துவிட்டது என்று சொன்னால் கொன்ஸ்ரன்ஸே ஒத்துக்கொள்ள மாட்டாள். அது காய்ச்சல் மாதிரி இடைக்கிடை வந்து போகும். வந்ததும் அவள் அதற்கு அதன் பெயரைச் சொல்வாள். சில நாட்களில் ஐறீனிடமே சொல்வாள்.

"இண்டைக்கு அந்த மனுசி உன்னை மட்டும் கட்டிப்பிடிச்சவ. எனக்கு எரிஞ்சுது."

"எனக்கு மூச்சு முட்டிச்சுது அக்கா. அடுத்தமுறை உங்களிட்டத் தள்ளிவிடுறன்" என்பாள் ஐறீன்.

இரண்டாயிரத்து மூன்றில் ஐறீன் பேசாலைக்குத் திரும்பினாள். அவளை வழியனுப்ப வந்த கூட்டத்தில் பஸ் தரிப்பு நிரம்பிவிட்டது. அங்கம்மா கைக்குழந்தையோடு வந்திருந்தாள். யார் யாரோ தாய்மார், அவர்களுடைய பிள்ளைகள். கொன்ஸ்ரன்ஸ் ஓரமாக நின்று பார்த்தாள். தனக்கு இப்படி ஒரு கூட்டம் வராது என்ற எண்ணம் அப்போதும் வந்தது. வந்த எண்ணத்தைத் தள்ளவுமில்லை, தடவிக் கொடுக்கவுமில்லை. கூட்டம் விலகிய நேரம் பார்த்துப் போய் ஐறீனின் கையைப் பிடித்தாள். பஸ் வெளிக்கிட்டது.

அன்று சிறையில் பார்வை நேரம் இருந்தது. மலையகத் தோட்டத்துப் பொடியன் ஒருவன் உள்ளே இருந்தான். அவனைப் பார்க்க வேறு ஒருவரும் வருவதில்லை. கொன்ஸ்ரன்ஸ் தனியே போனாள். வழக்கு எப்போது என்று அலுவலகத்தில் கேட்டாள். தெரியாது என்றார்கள். பொடியனோடு கொஞ்ச நேரம் கதைத்தாள். கொண்டு போன பாணையும் வாழைப்பழத்தையும் கொடுத்தாள். அடுத்த கிழமை வாறன் என்றாள்.

ஒன்றும் நடக்கவில்லை. அவள் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, செபத்தைச் சொல்லிவிட்டு, பின்னேரம்வரை நிம்மதியாகத் தூங்கினாள்.